ஆடிட் நாளில் வெறும் முகம்

பெருமாநல்லூர் பனியன் கம்பெனியில் நான் சூப்பர்வைசராக இருந்தபோது, கட்டிங் பிரிவில் ஒல்லியான கிறிஸ்தவர் ஒருவர் வேலை பார்த்தார். பஞ்சுத் தூசிக்காகத் தினமும் முகத்தில் துணி கட்டியிருப்பார். எங்களுக்கு இல்லாத நுரையீரலா இவருக்கு என்று எனக்கு எரியும்.

சரக்கு வாங்கும் வெளிநாட்டு பையர் ஆடிட் என்று சோதனைக்கு வரும் நாளில் மட்டுந்தான் எங்கள் கம்பெனியில் மாஸ்க் தருவார்கள்.

“ஏனுங்க, இன்னைக்கு ஆடிட்டா? கழட்டுங்க” என்றேன் ஒருநாள்.

“எட்டு வயசுல ரத்தப் புத்துநோய் வந்து பொழச்சவனுங்க. எனக்குத் தினமும் ஆடிட்டுதானுங்க.”

அடுத்த ஆடிட்டில் எல்லோர் முகத்திலும் புது மாஸ்க். அவர் மட்டும் வெறும் முகத்தோடு நின்றார்.

“கட்டித் தொலைங்க!” என்று பல்லைக் கடித்தேன்.

“என்ற உசுருக்குத்தானுங்க தினமும் கட்டறது. இன்னைக்குக் கட்டுனா உங்க பொய்க்குங்க.”

அந்த ஆளை நான் இன்னும் மன்னிக்கவில்லை. ஆனாலும் பஞ்சு பறக்கும் இடத்தில் என் கை தானாகக் கர்ச்சீப்பைத் தேடுகிறது.