உப்புக்கிணற்றுச் சந்து, ஃபஹாஹீல்

குவைத்தின் தெற்கே, ஃபஹாஹீலில் எனக்கு ஒரு சலூன் இருக்கிறது. எங்கள் ஊர் தமிழ்நாட்டுக் கடற்கரையில் ஒரு சின்ன நகரம். அதன் ஆண்களில் பாதிப்பேர் வளைகுடாவில்தான் கிடக்கிறார்கள். இந்தப் பக்கம் இருப்பவர்கள் தலையைக் கொடுப்பது என்னிடம். ஊரில் என் வாப்பா அவர்கள் வீட்டுக் கொல்லைப்புறமாகப் போய் முடிவெட்டினார். இங்கே அவர்கள் டோக்கன் வாங்கிக்கொண்டு காத்திருக்கிறார்கள். இதைச் சொல்வதில் எனக்குச் சந்தோஷம்தான், மறைப்பானேன்?

போன வருஷம் இங்குள்ள எங்கள் ஊர்ச் சங்கம் ஊர் வரலாற்றைப் புத்தகமாகப் போடக் கிளம்பியது. ஒரு வெள்ளிக்கிழமை, ஹோட்டல் மாடியில், பிரியாணிக்கு முன்னால் செயலாளர் எழுதியதை வாசித்தார். யார் எங்கிருந்து வந்து குடியேறினார்கள், எந்தத் தெரு எப்படி உண்டானது, மக்கள்தொகை எப்படிப் பெருகியது எல்லாம் இருந்தது. ஆறு தெருக்கள் வந்தன. எங்கள் உப்புக்கிணற்றுச் சந்து வரவில்லை. ஊருக்கே முடிவெட்டியவர்களும் பிரசவம் பார்த்த பெண்களும் அந்தச் சந்துக்காரர்கள். அவர் வாசித்த மக்கள்தொகையில் முக்கால்வாசிப் பேரைக் கையில் ஏந்தி வாங்கியதே எங்கள் வீட்டுப் பெண்கள்தான்.

எழுந்தேன். அண்ணனை எங்கள் ஊரில் காக்கா என்போம். "காக்கா, எங்க தெருவ விட்டுட்டீங்க."

"அது தெருவாப்பா? சந்து. நாம தெருவ மட்டுந்தான் எழுதுறோம்."

"உங்களுக்குப் பேறு பாத்தது எங்க உம்மா. அவ வானத்துல இருந்தா வந்தா?"

யாரோ சிரித்தார்கள். பக்கத்தில் இருந்தவர் என் சட்டையைப் பிடித்து இழுத்தார். "விடு தம்பி, சோறு ஆறுது." அடுத்த பதிப்பில் பார்ப்போம் என்றார் செயலாளர். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சாப்பிடாமல் படியிறங்கினேன்.

கடையின் பெயரை மாற்ற வேண்டும் என்று கஃபீலிடம், கடை லைசென்ஸ் யார் பெயரில் இருக்கிறதோ அந்த அரபியிடம், கேட்டேன். புதுப் பெயர் அவர் வாயில் நுழையவே இல்லை. "மாஃபி முஷ்கில்", பிரச்சினை இல்லை என்று சிரித்துக்கொண்டே சம்மதித்தார். அரபியிலும் தமிழிலும் பெரிய எழுத்தில் போர்டு ஏறியது: உப்புக்கிணற்றுச் சந்து.

உன் வயிற்றில் நீயே அடித்துக்கொள்ளாதே என்று கூட இருப்பவர்கள் பயமுறுத்தினார்கள். ஊர்க்காரர்கள் பலர் கொஞ்ச நாள் வராமல்தான் இருந்தார்கள். வராவிட்டால் போங்கள் என்று எகிப்துக்காரர்களுக்கும் பெங்காலிகளுக்கும் வெட்டினேன். பெருநாள் நெருங்கியதும் ஒவ்வொருவராக வந்து சேர்ந்தார்கள். இதற்கிடையில் புத்தகமும் வந்தது, அதே ஆறு தெருவோடு.

பெருநாளுக்கு முந்தின நாள் செயலாளரும் வந்தார். டோக்கன் வாங்கினார், காத்திருந்தார், உட்கார்ந்தார். பாதி சவரத்தில் அவர் போன் அடித்தது. அவரை ஏற்றிப்போக வந்த டிரைவர், நம்மூர்ப் பையன், எங்கே இருக்கிறீர்கள் என்று கேட்பது எனக்கே கேட்டது.

கத்தியை அவர் கன்னத்திலிருந்து எடுத்துக்கொண்டு நின்றேன். கடை முழுக்க ஊர்க்காரர்கள். கண்ணாடிக்குள் அவர் என்னைப் பார்த்தார். நானும் பார்த்தேன்.

"உப்புக்கிணத்துச் சந்துல இருக்கேன்" என்றார் தாழ்ந்த குரலில்.

"சத்தமாச் சொல்லுங்க காக்கா, அவனுக்குக் கேக்கல" என்றேன்.

மறுபடியும் சொன்னார். அதற்குப் பிறகுதான் மிச்சப் பாதியைச் சிரைத்தேன்.