எமகண்டத்தில் லோடர் பார்க்கப் போனோம்

கெடாரில் என் அக்கா செல்வி பதினோரு மாடு வைத்திருக்கிறாள். ஒன்பது வருடம் சாணியைக் கூடையில் அள்ளித் தலையில் தூக்கினாள். இந்தச் சித்திரையில் வலது தோளில் தசைநார் கிழிந்தது. இனி கூடை தூக்கக்கூடாது என்றார் மருத்துவர். தூக்காமல் கொட்டகை சுத்தமாகாது. ஆள் கிடைப்பதில்லை, கிடைத்தாலும் நிலைப்பதில்லை. மாமா லாரி ஓட்டுகிறார், மாதத்தில் நான்கைந்து நாள்தான் வீட்டில் இருப்பார். ஐப்பசி மழைக்கு முன்னால் ஓர் இயந்திரம் வந்தால் மாடுகள் இருக்கும். வராவிட்டால் விற்க வேண்டும். ஆவணி மாதத்து வெள்ளிக்கிழமை ஒன்றில் நாங்கள் இருவரும் கிளம்பியதற்குக் காரணம் இதுதான்.

தேடியது குட்டி லோடர். ஆங்கிலப் பெயர் மினி ஸ்கிட் ஸ்டியர். உட்கார இருக்கை கிடையாது. பின்னால் ஒரு பலகை, அதில் நின்றபடி இரண்டு லீவரால் ஓட்ட வேண்டும். முன்னால் இரண்டு இரும்புக் கைகள், அவை தூக்கி இறக்க ஒரு பக்கெட். மாட்டுக் கொட்டகையின் நடைவழிக்குள் நுழையும் அகலம். புதிது எங்களுக்கு எட்டாது. வாடகைக்கு எடுத்த ஒன்றில் அக்கா பத்து நாள் ஓட்டிப் பழகியிருந்தாள். அதன் கையேட்டை நான் படித்திருந்தேன். இதைச் சொல்வதற்குக் காரணம், நாங்கள் ஒன்றும் தெரியாமல் போகவில்லை. தெரிந்துதான் போனோம். அப்படியும் ஏமாற இருந்தோம்.

கெடாரிலிருந்து விழுப்புரம் டவுன் பஸ். பெண்களுக்குக் கட்டணம் இல்லை. விழுப்புரத்திலிருந்து திண்டிவனம் ஏறத்தாழ நாற்பது கிலோமீட்டர், முக்கால் மணி நேரம். விக்கிரவாண்டி சுங்கச்சாவடியில் நெரிசல் இருந்தால் ஒரு மணி நேரம். திண்டிவனம் பேருந்து நிலையத்திலிருந்து மரக்காணம் சாலையில் நான்கு கிலோமீட்டர் போனால் பழைய வண்டிகள் விற்கும் யார்டு. ஷேர் ஆட்டோவில் தலைக்கு இருபது ரூபாய்.

ஒரு தவறை பஸ் ஏறும் முன்பே செய்துவிட்டோம். முந்தின நாள் அக்கா யார்டுக்காரருக்கு போன் செய்து, வெள்ளிக்கிழமை ஒன்பதரைக்கு மேல் நல்ல நேரம், பத்தரைக்கு ராகு காலம் பிறந்துவிடும், அதற்குள் வண்டியை ஸ்டார்ட் செய்து பார்த்துவிட வேண்டும் என்று சொல்லியிருந்தாள். நம் வீடுகளில் யாரும் இதைத் தவறு என்று நினைக்க மாட்டார்கள். பெண் பார்க்கப் போகிற வீட்டுக்கு நேரம் சொல்லிவிடுவது போலச் சொல்லிவிட்டாள்.

ஒன்பது ஐம்பதுக்கு உள்ளே நுழைந்தோம். வண்டி தயாராக இருந்தது. சாமந்தி மாலை, நான்கு சக்கரத்தின் கீழும் எலுமிச்சம்பழம், உடம்பெல்லாம் சந்தனம், குங்குமம். புதுப் பெயின்ட். இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது.

"வாங்கம்மா, வாங்க. நேரம் போய்க்கினே இருக்குது. அதான் நானே பூஜை போட்டு ஸ்டார்ட் பண்ணி வெச்சிட்டேன்" என்றார் யார்டுக்காரர். பிறகு எங்களுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். "சார் வரலியா?"

"எந்த சார்?" என்றாள் அக்கா.

"வண்டி வாங்குற சார்."

"நான்தான் வாங்குறேன்."

"ஓட்டப்போறது?"

"அதுவும் நான்தான்."

சிரித்தார். கெட்ட சிரிப்பு என்று சொல்ல முடியாது. அதுதான் எரிச்சல். தன் வீட்டுக் குழந்தை விமானம் ஓட்டுவேன் என்று சொன்னால் சிரிப்பாரே, அந்தச் சிரிப்பு.

வண்டியை ஒருமுறை நிறுத்தி, அக்கா கையாலேயே சாவியைத் திருப்பச் சொன்னார். "லட்சுமி கை." திருப்பியதும் பிடித்துக்கொண்டது. அக்காவின் முகம் மலர்ந்ததை நான் பார்த்தேன். யார்டுக்காரரும் பார்த்தார். "ஆறேகால் லட்சம். அட்வான்ஸ் மட்டும் பத்தரைக்குள்ள கையில குடுத்துடுங்க. ஜல்தி. அப்புறம் ராகு காலம், பேஜாராப் பூடும்."

பழைய இயந்திரம் பார்க்கப் போகிறவர்கள் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். டீசல் இன்ஜின் சூடாக இருந்தால் எவ்வளவு தேய்ந்திருந்தாலும் உடனே பிடிக்கும். குளிர்ந்த இன்ஜின் எப்படி ஸ்டார்ட் ஆகிறது என்பதுதான் அதன் உண்மையான வயது. நீங்கள் போகும்போது இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தால், அல்லது மூடியில் கை வைக்க முடியாத சூடு இருந்தால், யாரோ உங்களுக்காக அதைச் சூடாக்கியிருக்கிறார்கள். நான் கை வைத்துப் பார்த்தேன். சுட்டது. பூஜைக்கு ஸ்டார்ட் செய்த சூடு இல்லை. காலையிலிருந்து ஓடிய சூடு.

"ஆஃப் பண்ணுங்க, ஆறட்டும்" என்றேன்.

"பாப்பா, பூஜை போட்ட வண்டிய உடனே ஆஃப் பண்ணக்கூடாது. ஆகாது."

எம்.ஏ. படித்திருக்கிறேன். ஆனாலும் இதற்கு என்ன சொன்னாலும் சாமிக்கு எதிராகச் சொன்னது போல ஆகிவிடும்.

அக்கா போனில் மணி பார்த்தாள். பத்து இருபத்தைந்து.

"அண்ணே, ராகு காலத்துல வண்டி ஓடலாமா?"

அவர் யோசிக்காமல் பதில் சொன்னார். "கூடாதும்மா."

"அட்வான்ஸ் குடுக்கலாமா?"

"அது…"

"அப்ப ஆஃப் பண்ணிடுங்க. பன்னண்டு மணி ஆகட்டும். நாங்க இங்கியே குந்திக்கினு இருக்கோம்."

அவரால் மறுக்க முடியவில்லை. அணைத்தார். மூடியைத் திறந்து வைக்கச் சொன்னாள். திறந்து வைத்தார். வேப்பமரத்து நிழலில் பழைய டயர் மேல் உட்கார்ந்தோம். டீ வந்தது. அவர் மூன்று தடவை வந்து வேறு ஒருவர் போனில் கேட்டுக்கொண்டிருப்பதாகச் சொன்னார். "அவருக்கும் ராகு காலந்தானே?" என்றாள் அக்கா.

காத்திருந்த நேரத்தில் மற்றதைப் பார்த்தோம். கையைத் தூக்கும் ஹைட்ராலிக் ராடுகளில் விரல் ஓட்டினால் வழவழப்பாக இருக்க வேண்டும். சொரசொரப்பு இருந்தால் எண்ணெய் கசியாமல் தடுக்கும் சீல் கிழியும். இதில் இரண்டு இடத்தில் துருக்குழி. பக்கெட்டின் நுனியைப் பிடித்து ஆட்டினால் மூட்டு ஆணியும் அதைச் சுற்றிய புஷ்ஷும் எவ்வளவு தேய்ந்திருக்கின்றன என்று தெரியும். பல் ஆடுவது போல ஆடியது. இன்ஜின் ஓடிய நேரத்தைக் காட்டும் ஹவர் மீட்டர் 1,140 மணி என்றது. லீவர் கைப்பிடியின் ரப்பரோ வரிகள் அழிந்து மொழுக்கென்று இருந்தது. ஆயிரத்துச் சொச்சம் மணியில் ரப்பர் அப்படித் தேயாது. மீட்டரை மட்டும் நம்பாதீர்கள். கை பட்ட இடங்களைப் பாருங்கள்.

தூக்கும் கையின் மூட்டருகே இருந்த சந்தனப் பொட்டை அக்கா முந்தானையால் துடைத்தாள். அடியில் பெயின்ட். பெயின்டுக்கு அடியில் மயிரிழையாக ஒரு வெடிப்பு, பழைய வெல்டிங் மேல். பொட்டு வைக்க அந்த வண்டியில் எத்தனையோ இடம் இருந்தது.

பன்னிரண்டு அடித்ததும் அக்கா சாவியைத் திருப்பினாள். இன்ஜின் முக்கி முனகியது. பிடிக்கவில்லை. மறுபடியும். மறுபடியும். யார்டு மெக்கானிக் ஓடிவந்து பெட்ரோலில் நனைத்த துணியை ஏர் ஃபில்டர் வாயில் காட்டினான். பிடித்தது. யார்டு முழுக்க வெள்ளைப் புகை. ஆயில் மூடியைத் திறந்தேன், அங்கிருந்தும் குபுகுபுவென்று புகை வந்தது. உள்ளே பிஸ்டன் ரிங் தேய்ந்து போய்விட்டது என்று அர்த்தம்.

இதோடு கிளம்பியிருக்கலாம். கையேட்டில் ஒன்று படித்திருந்தேன். நிற்கும் பலகைக்கு அடியில் ஒரு பாதுகாப்பு சுவிட்ச் இருக்கும். ஆள் இறங்கிவிட்டால் சக்கரமும் தூக்கும் கையும் வேலை செய்யக்கூடாது. அக்காவை இறங்கி விலகி நிற்கச் சொன்னேன். பலகை காலி. நான் பக்கத்தில் தரையில் நின்று லீவரை லேசாக இழுத்தேன்.

கை மேலே எழுந்தது.

குனிந்து பார்த்தேன். சுவிட்சுக்குப் போகும் இரண்டு ஒயரையும் சேர்த்து முறுக்கிக் கறுப்பு டேப் சுற்றியிருந்தார்கள்.

"அது தொந்தரவும்மா" என்றார் யார்டுக்காரர். குரலில் வெட்கம் இல்லை. "அப்பப்ப நின்னுக்கினே இருக்கும். எல்லாருமே கட் பண்ணிடுவாங்க. உங்க நல்லதுக்குத்தான்."

கொட்டகையில் தரை சாணியும் மூத்திரமும். கால் வழுக்கும். வழுக்கி விழுகிறவள் பலகையிலிருந்து விழுவாள், கை லீவரைப் பிடித்தபடி. வண்டி நிற்காமல் அவள் மேலேயே வரும். தோள் கிழிந்த பெண்ணுக்கு இதை ஆறேகால் லட்சத்துக்கு, மாலை போட்டு.

"இதுல ஆள் செத்தா?" என்றேன்.

"அபசகுனமா பேசாத பாப்பா. நல்ல நாளும் அதுவுமா."

விலையை, புகையை, வெடிப்பைக்கூட நான் வியாபாரம் என்று விட்டுவிடுவேன். அந்த ஒயரை விட மாட்டேன். முறுக்கியவன் கைக்கு அது ஐந்து நிமிட வேலை. நான் சொன்னதோ அபசகுனம்.

அக்கா கத்தவில்லை. மெக்கானிக்கிடம் கட்டிங் பிளேயர் வாங்கி ஒயரை வெட்டினாள். அதன் பிறகு லீவரை இழுத்தும் கை எழவில்லை. "சுவிட்ச் மாத்திட்டு வில்லுங்கண்ணே" என்று பிளேயரைத் திருப்பிக் கொடுத்தாள். பின்னால் அவர் சொன்னதை இங்கே எழுத முடியாது.

திண்டிவனம் பேருந்து நிலையம் எதிரில் சாப்பாடு, இருவருக்கும் சேர்த்து இருநூறு. ரசம் ஊற்றும்போது அக்கா கேட்டாள். "எமகண்டம் எப்போ?"

"மூணுல இருந்து நாலரை."

விழுப்புரத்தில் ஒருவர் குட்டி லோடர் விற்பதாகச் சொல்லியிருந்தார். கோழிப்பண்ணை வைத்திருந்தவர், மூடிவிட்டார். அவரிடம் சனிக்கிழமை காலை வருவதாகப் பேச்சு. "இன்னிக்கே போவோம். மூணு மணிக்கு. எவனும் எதிர்பாக்க மாட்டான்" என்றாள். இருபத்தேழு வருடத்தில் அக்கா எமகண்டத்தில் ஒரு குடம்கூட வாங்கி நான் பார்த்ததில்லை.

விழுப்புரம் புறவழிச்சாலையிலிருந்து உள்ளே இரண்டு கிலோமீட்டர். ஆட்டோ எண்பது ரூபாய். மூன்று இருபதுக்குக் கதவைத் தட்டினோம். அவர் லுங்கியோடு, தூக்கக் கலக்கத்தோடு வந்தார்.

"நாளைக்குன்னு சொன்னீங்க? எமகண்டத்துல வந்து நிக்கிறீங்களேம்மா, மிஷின் வாங்கவா, சண்டைக்கா?"

"இன்னும் முடிவு பண்ணல" என்றாள் அக்கா.

வண்டி ஓலைக் கொட்டகையில் கோழி எருத் தூசியோடு நின்றது. கழுவவில்லை. கழுவாத வண்டி நல்லது, கசிவு எங்கே என்று தூசியே காட்டிவிடும். இடது ஹைட்ராலிக் சிலிண்டரில் கசிவு. இன்ஜின் மூடி குளிர்ந்திருந்தது. சாவியைத் திருப்பினாள். இரண்டு நொடி இழுத்து, இருமி, பிடித்தது. கறுப்புப் புகை கொஞ்சம் வந்து தெளிந்தது. பக்கெட் ஆடியது, ஆனால் குறைவு. 2,900 மணி. கைப்பிடியும் அதையே சொன்னது. காலிப் பலகையில் லீவரை இழுத்தேன். ஒன்றும் அசையவில்லை. அக்கா ஏறி நின்று எருக்குவியலில் பக்கெட்டை இறக்கி, நிரப்பி, தூக்கி, பின்னால் எடுத்து, கொட்டகையைச் சுற்றி வந்தாள். நேராகப் போனது.

கடன் முடித்ததற்கு வங்கி தந்த சான்று, முதல் பில், இன்ஜின் எண் எல்லாம் பொருந்தின. பொருந்தாவிட்டால் எவ்வளவு மலிவாக இருந்தாலும் திரும்பிவிடுங்கள்.

ஐந்தரை லட்சம் சொன்னார். கசிவைக் காட்டி ஐந்து லட்சத்துப் பத்தாயிரத்துக்கு முடிந்தது. அட்வான்ஸ் வாங்க நாலரை வரை காத்திருக்கச் சொன்னார். காத்திருந்தோம். அவருடைய நம்பிக்கை அவருக்கு. அதில் எங்களுக்குச் சண்டை இல்லை.

ரசீது எழுதும்போது என்னிடம் கேட்டார். "வீட்டுக்காரர் பேரு சொல்லும்மா."

"யார் வீட்டுக்காரர்?"

"அக்கா வீட்டுக்காரர். அவர் பேர்லதானே எழுதணும்?"

நாள் முழுக்க விழுங்கியதெல்லாம் அப்போது வெளியே வந்தது. சத்தமாகவே வந்தது. என்ன சொன்னேன் என்று முழுதாக நினைவில்லை. அக்கா என் கையைப் பிடித்து அமர்த்திவிட்டு, "செல்வின்னு எழுதுங்க. கெடாரு" என்றாள். எழுதியதை வாங்கி இரண்டு முறை படித்தாள்.

சிலிண்டர் சீலும் புஷ்ஷும் மாற்ற முப்பத்தெட்டாயிரம் ஆனது. மினி லாரியில் கெடாருக்குக் கொண்டுவர மூவாயிரத்து ஐந்நூறு. ஐப்பசிக்கு முன்பே கொட்டகையில் வண்டி ஓடத் தொடங்கிவிட்டது. மாடு எதையும் விற்கவில்லை.

போகிறவர்களுக்கு. நேரம் சொல்லாமல் போங்கள். வரும் நேரம் தெரிந்தால் அவர்கள் உங்களுக்காகத் தயாராவார்கள். ஓட்டப்போகிறவரைக் கூட்டிப்போங்கள், அவர் பெண் என்றால் கட்டாயம் கூட்டிப்போங்கள், பணம் தருகிற ஆணை வீட்டில் விட்டுவிட்டுக்கூட. எல்லாவற்றுக்கும் முன்னால் பலகையிலிருந்து இறங்கி நின்று லீவரை இழுத்துப் பாருங்கள்.

திண்டிவனத்து வண்டிக்கு இணையத்தில் போட்டிருந்த விளம்பரம் மூன்று வாரம் இருந்தது. விலை ஐந்தே முக்காலுக்கு இறங்கியது. பிறகு காணவில்லை. யாரோ வாங்கிவிட்டார். ஆரஞ்சு நிறம், வலது கையின் மூட்டில் வெடிப்பு, மீட்டரில் ஆயிரத்து நூற்றுச் சொச்சம். இதைப் படிப்பவர் அவராக இருந்தால், இன்றைக்கு வண்டியை எடுக்காதீர்கள். முதலில் பலகைக்கு அடியில் குனிந்து பாருங்கள்.