எனக்காக அண்ணை சொன்ன ஓம்

எனக்கு நாலு பேர் முன்னால் கதைக்க வராது. ஆட்கள் கூடினால் நான் குசினிக்குள் போய்விடுவேன். வெட்கம் பிடித்தவள் என்று சிறு வயதிலிருந்தே பெயர். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தால் மறித்துவிட்டார்கள், அதனால் எழுத்தும் அரைகுறைதான். ஆனாலும் எழுதும்போது யாரும் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பதில்லை. முப்பது வருடத்துக்குக் கிட்டக் கிடக்கிற கோபம் இது, ஆறுவதாக இல்லை.

கணவர் செத்து, ஊரில் சண்டையும் கூடிய எண்பதுகளில் என்னை லண்டனுக்கு எடுப்பித்தவர் என் அண்ணை. வெம்பிளியில் அவர் வீட்டு மேல்மாடியில் எனக்கு ஒரு அறை. என் ஒரே மகன் முன்பே படிக்க வந்து, படிப்பு முடித்து, கவுன்சிலில் வேலை செய்துகொண்டிருந்தான். வெஸ்ட் ஈலிங்கில் ஒரு வெள்ளைக்காரரோடு சேர்ந்து வீடு எடுத்திருந்தான். அவர் தச்சுவேலை செய்பவர். நான் போனால் கேட்காமலே இரண்டு கரண்டி சீனி போட்டுத் தேத்தண்ணி தருவார்.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அந்த வீட்டுக் குசினியில் நான் வெங்காயம் உரித்துக்கொண்டு நின்றபோது மகன் வந்து பக்கத்தில் நின்றான்.

"அம்மா, இவர் எனக்குச் சிநேகிதர் மட்டும் இல்லை. புருசன் பெஞ்சாதி மாதிரித்தான் நாங்கள் சீவிக்கிறம். எனக்கு இனிப் பொம்பிளை பாக்கவேண்டாம் எண்டு மாமாவிட்டையும் சொல்லிப்போட்டன்."

நான் நல்ல தாயாக நடக்கவில்லை. "ஒரு டொக்டரிட்டைக் காட்டினால் என்ன மோனை?" என்று கேட்டேன்.

"எந்த டொக்டரிட்டை அம்மா? பல்லு டொக்டரிட்டையோ?"

மூன்று கிழமை அந்தப் பக்கம் போகவில்லை. பிறகு பிள்ளையைப் பார்க்காமல் இருக்க ஏலாமல் போனேன். கதவைத் திறந்தவர் அந்த மனிதர்தான். என் சப்பாத்தைக் கழற்றக் குனிந்து உதவினார். அவரை வெறுக்க நான் எவ்வளவோ பாடுபட்டேன், முடியவில்லை.

மகனின் சங்கதிக்கு அண்ணை ஒரு மருந்து கண்டுபிடித்திருந்தார். அண்ணியின் சொந்தத்தில் இருபத்திரண்டு வயதுப் பெண்பிள்ளை ஒன்று, யாழ்ப்பாணத்தால் இடம்பெயர்ந்து, தாயோடு கொழும்பில் வெள்ளவத்தையில் ஒரு லொட்ஜில் கிடந்தது. அந்தப் பிள்ளையை மகனுக்குப் பேசி, போனிலேயே எல்லாவற்றையும் முடித்துவிட்டார். எனக்கே ஒரு சனிக்கிழமை பின்னேரம்தான் தெரியவந்தது. தாலிக்குப் பொன்னுருக்க நாள் பார்க்க அண்ணையும் அண்ணியும் முன்னறையில் பஞ்சாங்கத்தோடு இருந்தார்கள். நான் குசினியில் வடை சுட்டுக்கொண்டிருந்தேன். டிவியில் செய்தி போனது. ஆணும் ஆணும் சேர்ந்திருக்கச் சட்டம் வைத்திருந்த வயதைக் குறைப்பது பற்றிப் பாராளுமன்றத்தில் வாதாடப்போகிறார்களாம்.

"இண்டைக்கு வயசைக் குறைப்பாங்கள்," என்றார் அண்ணை. "நாளைக்குச் சட்டப்படி கலியாணம் எண்டுவாங்கள். ஒருக்கா விட்டால் பிறகு முடிவே இல்லை. ஆட்டைக் கட்டுவன், மாட்டைக் கட்டுவன் எண்டு வந்து நிப்பாங்கள்."

"ஆட்டுக்குச் சீதனம் ஆர் குடுக்கிறது? இறைச்சிக் கடைக்காரனோ?" என்று அண்ணி கேட்டா.

"நீ பகிடி விடாதை. கடைசியிலை சின்னப் பிள்ளையளைக் கட்டுறதிலைதான் வந்து நிக்கும்."

இதை இப்போது எழுதும்போது அந்தக் கலியாணச் சட்டம் வந்தே பல வருடமாகிறது. ஆட்டைக் கட்டியவன் ஒருவனையும் வெம்பிளியில் நான் காணவில்லை.

ஆனால் அன்றைக்கு என் நெஞ்சில் குத்தியது ஆடு இல்லை, சின்னப் பிள்ளை என்ற சொல். வடைத் தட்டோடு வெளியே வந்தேன்.

"அண்ணை, அப்ப எனக்கு எத்தினை வயசு?"

"எப்ப?"

"என்ரை எழுத்து நடந்த அண்டைக்கு."

கலியாணப் பதிவை எங்கள் ஊரில் எழுத்து என்போம். பதிவுகாரர் பெரிய புத்தகத்தோடு வீட்டுக்கு வந்திருந்தார். நான் தலையைக் குனிந்துகொண்டு பாயில் இருந்தேன். மாப்பிள்ளைக்கு முப்பத்தொரு வயது என்பது எனக்குப் பிறகுதான் தெரியும். அவர் முகத்தை அதுவரை நான் கண்டதில்லை. பதிவுகாரர், பாவம், ஒழுங்கான மனிதர். "பிள்ளைக்குச் சம்மதமோ?" என்று என்னைப் பார்த்துத்தான் கேட்டார். என் தொண்டையில் சொல் ஒன்றும் இல்லை. பின்னால் நின்ற அண்ணை சொன்னார்: "அவள் வெக்கப்படுறாள். ஓம்தான், நீங்கள் எழுதுங்கோ." அவர் எழுதினார்.

"பதினாலு," என்று நானே சொன்னேன். "எனக்குப் பதினாலு வயசு அண்ணை."

"அது முறைப்படி நடந்த காரியம். ஐயர் வந்து, நாலு பெரியாக்கள் கூடி..."

"நீங்கள் நாளைக்கு வரும் எண்டு பயப்பிடுறது எனக்கு எப்பவோ வந்திட்டுது. மேளம் அடிச்சுக்கொண்டு வந்தது. ஆட்டுக்கு ஓம் எண்டு சொல்ல வாயில்லை. சின்னப் பிள்ளைக்கு விளங்காது. இவங்கள் ரெண்டு பேரும் வளந்த ஆம்பிளையள், தங்கடை வாயாலை தாங்கள் சொல்லுறாங்கள். இதையும் அதையும் ஏன் ஒரு சாக்குக்குள்ளை போடுறியள்?"

அவ்வளவு நீளமாக என் சீவியத்தில் நான் அண்ணையோடு கதைத்ததில்லை. அண்ணி தட்டை என் கையால் வாங்கி வைத்தா.

"அந்தப் பெட்டைக்கு இவனைப் பற்றிச் சொன்னனீங்களோ?" என்று கேட்டேன்.

"சொல்ல என்ன கிடக்கு? ஒரு பொம்பிளை வந்து நாலு நாள் சமைச்சுப் போட்டால் எல்லாம் மாறும். பெடியனுக்கும் ஓம், உனக்கும் ஓம் எண்டு சொல்லிப்போட்டன்."

"நான் சொல்லேல்லையே."

"நீ எப்ப வாய் திறந்து சொன்னனி? பேசாமல் இருந்தாய். பேசாமல் இருந்தால் ஓம்தானே."

அவர் அதைக் கோபத்தோடு சொல்லவில்லை. இது என்ன புதுக்கேள்வி என்பதுபோல, பஞ்சாங்கத்தைப் பார்த்தபடி சொன்னார். அந்த நிமிடம் நான் அவரை வெறுத்தேன். என்னை இந்த நாட்டுக்கு எடுத்தவர், சோறு போட்டவர், எல்லாம் தெரியும். வெறுத்தேன்.

திங்கட்கிழமை இருவரும் வேலைக்குப் போன பிறகு அண்ணியின் டயரியில் லொட்ஜின் நம்பரைத் தேடி எடுத்து அடித்தேன். யாரோ போய் அந்தப் பிள்ளையைக் கூட்டிவந்தார்கள். நான் யார் என்று சொன்னேன். பிறகு மகனைப் பற்றி, அவன் யாரோடு வாழ்கிறான், எப்படி வாழ்கிறான் என்று எல்லாவற்றையும் சொன்னேன். எந்த வெட்கமும் வரவில்லை. ஒரு பிள்ளையைக் கிணற்று விளிம்பில் கண்டு, கையைப் பிடித்து இழுக்கிறேன் என்றுதான் நினைத்தேன்.

அவள் முதலில் கேட்டது இதைத்தான்.

"மாமி, அவர் குடிப்பாரோ?"

"இல்லை."

"அடிப்பாரோ?"

"சீ, அவன் பூச்சிக்கும் அடியான்."

"அப்ப நான் வாறன் மாமி. அவர் ஆரோடையும் இருக்கட்டும். எனக்கு ஒரு மூலை போதும். இஞ்சை கிழமைக்கு ரெண்டு தரம் பொலிஸ் வந்து கதவைத் தட்டுது. போன மாதம் பக்கத்து அறைப் பிள்ளையைப் பிடிச்சுக்கொண்டு போட்டாங்கள், இன்னும் விடேல்லை."

இதை நான் எதிர்பார்க்கவில்லை. "அவன் கலியாணம் வேண்டாம் எண்டு முந்தியே சொன்னவன் பிள்ளை," என்றேன். "இந்தச் சம்பந்தத்துக்கு அவனை ஒருத்தரும் கேக்கேல்லை."

"அப்ப எனக்கு ஏன் சொன்னனீங்கள்? கேட்டால் நான் ஓம் எண்டுதானே சொல்லுவன். ஓம் எண்டு சொல்லியும் வர ஏலாது எண்டால் எதுக்குக் கேட்டனீங்கள்?"

அவள் போனை வைத்துவிட்டாள்.

நான் மகனிடம் சொல்ல, அவன் அண்ணைக்குப் போன் எடுத்து மாட்டேன் என்றுவிட, கலியாணம் குழம்பியது. அண்ணை என்னோடு கதைப்பதை நிறுத்தினார். ஒரு மாதத்தில் என் பெட்டியை எடுத்துக்கொண்டு மகன் வீட்டுச் சின்ன அறைக்குப் போனேன். அந்தப் பிள்ளையை வேறு வழியில் எடுக்கலாமோ என்று மகனும் அந்த வெள்ளைக்கார மனிதரும் இரண்டு வக்கீலிடம் போய்க் கேட்டார்கள். வழியில்லை. கலியாணம் என்றால் விண்ணப்பிக்கலாமாம். ஒன்றாய்ப் படுத்து எழும்பி, ஒருவருக்குக் காய்ச்சல் என்றால் மற்றவர் வேலைக்குப் போகாமல் பக்கத்தில் இருக்கிற இந்த இரண்டு பேருக்கும் அப்போது ஒரு துண்டுக் கடதாசி கிடையாது. பொய்யாக ஒரு தாலி கட்டியிருந்தால் கோயிலும் ஒத்துக்கொண்டிருக்கும், கவுன்மெந்தும் விசா கொடுத்திருக்கும். எனக்கு யார் மேல் கோபப்படுவது என்றே தெரியாமல் போனது. கோயில் வாசலில் நின்றும் பல்லைக் கடித்திருக்கிறேன்.

சில வருடம் கழித்து ஒரு செத்தவீட்டில் அண்ணியைக் கண்டேன். அந்தப் பிள்ளை களவாக ஆள் அனுப்புகிற ஏஜென்சிக்காரனோடு வெளிக்கிட்டு, எங்கெங்கோ மறிபட்டு, கடைசியில் கனடா போய்ச் சேர்ந்துவிட்டதாம். ஒரு பேக்கரியில் வேலையாம். கலியாணம் கட்டவில்லையாம்.

"உங்களைப் பற்றியும் கேட்டவள்," என்றா அண்ணி.

"என்ன கேட்டவள்?"

அண்ணி கொஞ்சம் யோசித்தா. "அந்த மனிசி இன்னும் உயிரோடை இருக்கோ எண்டு கேட்டவள்."

எந்தக் குரலில் கேட்டாள் என்று நான் விசாரிக்கவில்லை. பிரேதம் எடுக்க நேரமாகிவிட்டது என்று ஆட்கள் எழும்பினார்கள்.