ஹெப்சிபாவிடம் மட்டும் கேட்கப்பட்டது

ஹெப்சிபா இறந்துவிட்டாள். காஞ்சிபுரம் பேருந்து நிலையத்தில் நின்றிருந்தபோது அவள் அண்ணன் தொலைபேசியில் சொன்னார். டெங்கு. நான்கே நாள்.  

இறையியல் கல்லூரியில் நம்மோடு படித்தவள். உங்களில் பலருக்கு அவள் பாட்டு நினைவிருக்கும். எனக்கு அவள் ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்த இடம்.

செவிலிமேட்டுச் சபையில் எனக்கும் அவளுக்கும் வாரக்கடைசி ஊழியம். தறி நெய்யும் ஓர் அக்கா, மூன்றாவது கருவைக் கலைத்தார் என்று சபைக் கமிட்டி அவருக்குத் திருவிருந்தை நிறுத்தியிருந்தது. அவர் கணவருக்கு நிறுத்தவில்லை. கணவர் முன்னே போய் அப்பமும் ரசமும் வாங்கினார். அக்கா கடைசி பெஞ்சில். ஹெப்சி வாங்கப் போகாமல் அங்கே போய் உட்கார்ந்தாள்.

"நீ போம்மா, எல்லாரும் பாக்கறாங்க."

"பாக்கட்டும்க்கா. எனக்குக் காலு வலிக்குது."

திரும்பும்போது கேட்டேன்: "அப்ப கலைக்கிறது தப்பில்லன்றியா?"

"எனக்கும் கஷ்டமாதான் இருக்குதுபா. உயிராச்சே. ஆனா அந்தக்கா என்ன பட்டாங்கன்னு ஒருத்தரும் கேக்கல. வூட்டுக்காரரு மட்டும் எப்படி சுத்தமானாரு?"

பிறகு குருத்துவத் தேர்வுக் குழுவின் நேர்காணல். முதலில் நான். பாடத் தெரியுமா, கிராமத்துக்குப் போவாயா. பத்து நிமிடம். அடுத்து அவள். கருக்கலைப்பைப் பற்றியே முக்கால் மணி நேரம். கதவு சரியாகச் சாத்தியிருக்கவில்லை, வெளியே இருந்த எனக்குக் கேட்டது.

"ஐயா, இதே கேள்விய முன்னாடி வந்தவர்கிட்ட கேட்டீங்களா?"

"அவருக்கு எதுக்கும்மா அது?" உள்ளே சிரிப்பு.

வெளியே வந்தாள். "உன்ன கேட்டாங்களா?"

"இல்ல."

"உள்ள வந்து அத மட்டும் சொல்லுபா."

நான் போகவில்லை. என் இடம் போய்விடும் என்று பயந்தேன்.

அவள் போதகரை அழைப்பதுபோல் என்னை அழைத்தாள்: "சரி, வாங்க ஐயரே, டீ குடிக்கலாம்." நான் தேர்வானேன். அவள் ஓராண்டு பொறுக்க வேண்டும் என்றார்கள். அந்த ஓராண்டு முடியுமுன் போய்விட்டாள்.

அடக்கத்துக்கு மறுநாள் அந்தத் தேர்வுக் குழுவுக்கு எழுதினேன். என்னிடம் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை, அவள் அழைத்தும் அதைச் சொல்ல நான் உள்ளே வரவும் இல்லை என்று. ஆண்களிடமும் கேளுங்கள், முதலில் என்னிடம் என்று. அதுவரை எனக்குக் குருப்பட்ட அபிஷேகம் வேண்டாம் என்று.

குழுவின் செயலர் தொலைபேசியில் அழைத்தார். "அடுத்த மாசம் அபிஷேகத்த வெச்சிக்கினு இப்ப எதுக்கு தம்பி இதெல்லாம்?"

"போன வருஷமே சொல்லியிருக்கணும் ஐயா."

திங்கட்கிழமை வரச் சொல்லியிருக்கிறார்கள். ஹெப்சியிடமிருந்து எனக்கு மிஞ்சியது, 'உன்ன கேட்டாங்களா?' என்று அவள் கேட்ட கேள்வி. அதோடு போகிறேன்.