பெயர் போடாத மனு

சத்துணவு முட்டையின் வாசம் விரல்களில் ஒட்டியிருக்கும்போதே குடிமையியல் வகுப்பு தொடங்கிவிடும். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வரும் முதல் பாடவேளை அது. குழாயில் தண்ணீர் வராத நாட்களில் கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு ஓடிவந்து உட்காருவோம். எழுதுகிற தாளிலெல்லாம் மஞ்சள் கரு நாற்றம் அடிக்கும். இண்டூருக்குப் பக்கத்தில் இருந்த எங்கள் நடுநிலைப் பள்ளியில், சமூக அறிவியல் புத்தகத்தின் கடைசிப் பக்கங்களில் கிடந்த அந்தப் பாடத்தை மற்ற ஆசிரியர்கள் பரீட்சைக்கு முந்தைய வாரம் வேகமாக வாசித்து மூடிவிடுவார்கள். தருமபுரியிலிருந்து பஸ்ஸில் வந்துபோன எங்கள் "சோசியல் டீச்சர்" மட்டும் அதை எழுதும் பாடமாக மாற்றியிருந்தார்.

ஊராட்சி, ஒன்றியம் என்று ஒப்பித்தால் மட்டும் போதாது, மனு எழுதத் தெரிய வேண்டும் என்பது அவர் எண்ணம். வாரம் ஒரு மனு எழுதுவோம். ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரைக் குடித்துக் குடித்து வகுப்பில் பாதிப்பேருக்குப் பல் பழுப்பேறியிருந்தது. அதைப் பற்றி எழுதச் சொன்னபோது எல்லோரும் "குடிநீர் சரியில்லை" என்று எழுதி நீட்டினோம்.

"சரியில்லைன்னா ஆபீசருக்கு என்னா புரியும்? உன் பல்லைப் பத்தி எழுது. எப்பலேர்ந்து இப்படி, வூட்ல வேற யாருக்கு இருக்குது, என்னா செய்யணும்? ஒரு வரிக்கு ஒரு சங்கதி போதும்" என்றார்.

ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் அவரும் மற்றவர்களைப் போலத்தான். பரீட்சைத் தாளில் எழுதுகிறவரின் அடையாளம் தெரியக்கூடாது என்பதால், அனுப்புநர் பெயருக்கு "அஅஅ" என்றும் ஊருக்கு "ஆஆஆ" என்றும்தான் போட வேண்டும். மறந்துபோய்ச் சொந்தப் பெயரை எழுதினால் சிவப்பு மையில் மதிப்பெண்ணைக் குறைப்பார். "உன் பேரு யாருக்கு வேணும் கண்ணு?" என்று சிரித்துக்கொண்டே தலையில் குட்டுவார்.

என் பக்கத்தில் உட்காருகிற மாதம்மாவுக்குச் சுற்றி வளைத்து எழுத வராது. அதனால் வகுப்பிலேயே நல்ல மனு பெரும்பாலும் அவளுடையதாக இருக்கும். எட்டாம் வகுப்பு அரையாண்டு விடுமுறை முடிந்து வந்தபோது, அவளைத் தாய்மாமனுக்குக் கட்டுவதாகப் பேசி முடித்திருந்தார்கள். அவர் பெங்களூரில் கட்டட வேலை செய்பவர், அவளைவிட மிகப் பெரியவர்.

"மாமன் வூட்டுக்குத்தானடி போற, என்னமோ காட்டுக்கு அனுப்பற மாதிரி மூக்கைச் சிந்தற!" என்று அவள் அம்மா திட்டியதை இடுப்பில் கைவைத்து நடித்துக் காட்டினாள். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை என்பதைக் கொஞ்சம் கழித்துத்தான் கவனித்தேன்.

அன்று மாலை அவள் ஒரு மனு எழுதினாள். "எனக்குப் பதிமூன்று வயது. எட்டாம் வகுப்பு படிக்கிறேன். எனக்குக் கல்யாணம் செய்யப்போகிறார்கள். எனக்கு விருப்பமில்லை. ஒன்பதாம் வகுப்புக்குப் போக வேண்டும். தை மாதத்துக்குள் வந்து நிறுத்தவும்." அனுப்புநர் அஅஅ, ஊர் ஆஆஆ. நானும் படித்துப் பார்த்தேன். டீச்சர் சொன்னதில் ஒன்றுகூட விடுபடவில்லை என்றுதான் இருவருக்கும் தோன்றியது. மனு என்றால் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்திருந்த வயது. தருமபுரியில் இருந்த ஓர் அலுவலகத்தின் முகவரியை எழுதி, கடைத்தெருத் தபால் பெட்டியில் போட்டோம்.

பிறகு ஆபீசர் வரும் ஜீப்புக்காகக் காத்திருந்தோம். வெளியே வண்டிச் சத்தம் கேட்டாலே என் தொடையைக் கிள்ளுவாள். தக்காளி ஏற்றிய வண்டிகள்தான் போய்க்கொண்டிருந்தன. பத்திரிகை அடிக்காமல், வெற்றிலை பாக்கு வைத்து வீடுவீடாக அழைத்தார்கள். ஒருநாள் விடியற்காலையில் தொப்பூருக்கு அப்பாலிருந்த கோயிலுக்கு டெம்போ கிளம்பியது; என் அப்பாவும் அம்மாவும் அதில் போனார்கள். கோயிலுக்கே ஜீப் வந்துவிடும் என்று நம்பிக்கொண்டு நான் பள்ளிக்குப் போனேன்.

அன்று மதியம், வேறு வேலையாக வந்த அலுவலக ஊழியர் ஒருவர், உறையில் எங்கள் ஊர்த் தபால் முத்திரை இருந்ததால் அந்த மனுவைத் தலைமையாசிரியரிடம் கொடுத்துவிட்டுப் போனார். "பாருங்க டீச்சர், உங்க புள்ளைங்க வீட்டுப்பாடத்தைத் தபால்ல போட்டிருக்குதுங்க! அஅஅவை எந்த ஊர்ல போய்த் தேடறதுன்னு கேக்கறாரு" என்று வராந்தாவில் தலைமையாசிரியர் சிரித்தது வகுப்புவரை கேட்டது. கையெழுத்தைப் பார்த்ததுமே டீச்சருக்கு யாரென்று புரிந்திருக்க வேண்டும். தாளோடு உள்ளே வந்து என் பக்கத்துக் காலி இடத்தைப் பார்த்தார்.

"எங்க அவ?"

"வூட்ல கல்யாணம்ங்க டீச்சர்" என்றான் ஒருவன்.

"யாருக்கு?"

"அவளுக்குத்தாங்க."

டீச்சர் அப்படியே வெளியேறி மாதம்மாவின் வீட்டுக்கு நடந்தார். வீடு பூட்டியிருந்தது. தாலி காலையிலேயே கட்டியாகிவிட்டது. திரும்பி வந்து, பஸ் வரும்வரை எங்கள் வகுப்பில் அந்தத் தாளை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அதன்பிறகு எல்லோரையும் சொந்தப் பெயர் போட்டே எழுத வைத்தார். ஆண்டுத் தேர்வில் அதற்காக எங்கள் மதிப்பெண் குறைந்தது. பெற்றோர் வந்து சத்தம் போட்டார்கள். மறு வருடம் அவருக்கு மாற்றல் வந்தது.

மாதம்மாவை அதன்பிறகு ஒருமுறைதான் பார்த்தேன், தலைப் பிரசவத்துக்கு வந்திருந்தபோது. "டீச்சர் என் மனுவுக்கு எத்தினி மார்க்குடி போட்டாங்க?" என்றாள். "பத்துக்குப் பத்து" என்றேன். "பொய்க்காரி" என்றாள். இரண்டாவது பிரசவத்தில் பெங்களூரிலேயே இறந்துபோனாள்.

பிள்ளைகள் குறைந்து எங்கள் பள்ளியை மூடிவிட்டார்கள். அதியமான்கோட்டையில் என் மகள் ஏழாம் வகுப்பு படிக்கிறாள். அவளுடைய குடிமையியல் பாடத்தில் கோடிட்ட இடங்களை நிரப்பினால் போதும், ஒரு வரிகூடச் சொந்தமாக எழுத வேண்டியதில்லை. மாதம்மாவைப் பற்றி அவளிடம் சொல்லலாமா, பயந்துவிடுவாளா, சொல்லாமல் விட்டால் அது தப்பாகிவிடுமா என்று பல நாள் குழம்பிவிட்டுப் போன வாரம் சொன்னேன். இறந்துபோனதை மட்டும் மறைத்துவிட்டேன். சரியா தப்பா, இன்னும் தெரியவில்லை.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவள் சொன்னாள்: "டெம்போ வச்சு எல்லாரும் போனாங்கன்னு சொல்ற. அப்ப ஊருக்கே தெரியும்ல? அப்புறம் எதுக்கும்மா அவங்க ஆபீசருக்கு எழுதணும்?"

 அதற்குப் பதில் சொல்ல வேண்டியவர்களில் பாதிப்பேர் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். மீதிப்பேரைப் பொங்கலுக்கு ஊருக்குப் போகும்போது பார்ப்பேன், "நல்லாருக்கியா கண்ணு?" என்று கேட்பார்கள், "நல்லாருக்கறங்க" என்பேன்.