முடிச்சக்காவின் சூட்டு மெத்தை

முடிச்சக்கா என்று அவளுக்குப் பெயர் வைத்தது ஆய்வுக்கூடத்துக் காவலாளி. எலியின் கழுத்தில் மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாயைத் தேடிப் பிடித்து, பட்டுநூலால் முடிச்சுப் போட்டு, சொன்ன நேரத்தில் அவிழ்த்துவிடுவதுதான் அவள் வேலை. இரண்டு பிரசவம், மாமியாரின் நோய், கணவனின் வேலையிழப்பு, எல்லாவற்றுக்கும் நடுவே அந்தக் கை ஒருநாளும் நடுங்கியதில்லை. விருந்தாளிகள் வந்தால் பேராசிரியர் முதலில் அவள் மேசைக்குத்தான் அழைத்து வருவார். அவளும் ஒன்றும் தெரியாதவள் போல முகத்தை வைத்துக்கொண்டு நிற்பாள்.

அப்படி இருந்த இடத்தில் ஒரு புதுப் பெண் வந்து சேர்ந்தாள். வந்த மாதத்திலேயே முடிச்சும் கற்றுக்கொண்டாள். போதாக்குறைக்கு எல்லோரிடமும் சிரித்துப் பேசினாள். முடிச்சக்காவுக்கு வயிறு எரிந்தது.

அப்போது மாதுளைத் தோல் ஆராய்ச்சி நடந்துகொண்டிருந்தது. ரத்தம் குறைந்தால் மூளை வாடும். தடைபட்ட ரத்தம் திரும்பும்போதோ, கூடவே வரும் ஆக்சிஜனே செல்களை அரிக்கத் தொடங்கும். மாதுளைத் தோலில் இருக்கும் ஆக்சிஜனேற்றத் தடுப்பிகள் அந்த அரிப்பைத் தடுக்குமா என்பதுதான் கேள்வி. பாதி எலிகளுக்குத் தோல் சாறு, பாதிக்கு வெறும் தண்ணீர். கடைசியில் மூளையை நறுக்கிச் சாயத்தில் போட்டால் உயிருள்ள இடம் சிவக்கும். செத்த இடம் வெள்ளையாகவே கிடக்கும்.

இருவரும் இரண்டு வகை எலிகளையும் கலந்து செய்யுங்கள் என்றார் பேராசிரியர். தன் எலிகளை அவள் தொடக்கூடாது என்று ஒற்றைக்காலில் நின்றாள் முடிச்சக்கா. பழைய ஆள், எதற்கு வம்பு என்று அவரும் விட்டுவிட்டார். தண்ணீர் எலிகள் இவளுக்கு, சாறு எலிகள் அவளுக்கு என்றானது.

புதுப் பெண்ணின் மேசையிலிருந்து போன மூளைகள் செக்கச்செவேலென்று சிவந்தன. பேராசிரியர் அவளைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடாத குறைதான். இனி எல்லா முடிச்சுகளையும் அவளிடமே கொடுத்துவிடலாமா என்று யாரிடமோ போனில் கேட்டது முடிச்சக்காவின் காதில் விழுந்தது. அன்று வீட்டில் கணவன் பட்ட பாடு அவனுக்குத்தான் தெரியும். அந்தப் பெண்ணிடம் ஏதாவது குற்றம் இருந்தே தீரும் என்று அவள் முடிவு கட்டினாள்.

மறுநாள் அந்த மேசையருகே போய், மயக்கத்தில் கிடந்த எலியின் மேல் கையை வைத்தாள். சில்லென்று இருந்தது. அவளுக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி மாளாது. மயக்கத்தில் உடம்பு குளிர்ந்துவிடும். குளிர்ந்தால் மூளையின் சேதமும் தானாகவே குறைந்துவிடும். அதனால்தான் அடியில் சூட்டு மெத்தை போடுவார்கள். அங்கே எல்லோருக்கும் தெரிந்த பாடம் அது. ஆக, மூளையைக் காப்பாற்றியது சாறு இல்லை, குளிர்!

பேராசிரியரின் அறைக்கு ஓடப் போனவள் மெத்தையைப் பார்த்துவிட்டு நின்றாள். ஒயரில் பிளாஸ்திரி சுற்றிய பழைய மெத்தை. விளக்கு எரியும், சூடு வராது. நல்லதைத் தான் வைத்துக்கொண்டு அதை அவள் தலையில் கட்டியது சாட்சாத் முடிச்சக்காவேதான். இருந்த ஒரே வெப்பமானியும் இவள் மேசையில்தான் இருந்தது. அந்தப் பெண்ணுக்குக் கிடைத்த பெயரெல்லாம் இவள் பொறாமை வாங்கிக் கொடுத்தது.

சொன்னால் தன் குட்டு வெளிப்படும். சொல்லாவிட்டால் அவள் ஜெயித்துவிடுவாள். முடிச்சக்கா சொன்னாள். நேர்மையால் இல்லை. அவள் ஜெயிப்பதைப் பார்க்கச் சகிக்கவில்லை, அவ்வளவுதான்.

பேராசிரியர் வந்து அந்த எலியையும் மெத்தையையும் தொட்டுப் பார்த்தார். பிறகு எல்லாவற்றையும் முதலிலிருந்து செய்யவேண்டும், எல்லா முடிச்சையும் ஒரே கைதான் போடவேண்டும் என்றார். யாருடைய கை என்று சொல்லவில்லை.

புதுப் பெண் அழுவாள் என்று எதிர்பார்த்தால், அவள் பெருமூச்சு விட்டாள்.

"நல்லவேளை சொன்னீங்கக்கா. என் எலிக்கு மட்டும் ஒண்ணும் ஆகலையேன்னு பயந்துக்கிட்டே இருந்தேன். என் முடிச்சு சரியா இறுகலையோன்னு நெனச்சேன். உங்கள மாதிரி எனக்கு வராதுக்கா."

முகத்தில் ஒரு துளி கோபம் இல்லை. நடிப்பும் இல்லை. இத்தனை நாள் அவள் கையைப் பார்த்துப் பொறாமைப்பட்டவளுக்கு அந்த மனசைப் பார்த்து வந்த பொறாமைதான் தாங்கமுடியாததாக இருந்தது.

முடிச்சக்கா தன் மேசைக்குப் போய் நல்ல மெத்தையைச் சுருட்டினாள். வெப்பமானியையும் எடுத்தாள். இரண்டையும் கொண்டுவந்து புதுப் பெண்ணின் முன்னால் வைத்தாள்.

"அவளே போடட்டும் சார்," என்றாள்.

சொன்னபோதும் வயிறு எரிந்துகொண்டுதான் இருந்தது.