குடையில் விழாத முத்திரை

மகள் படிக்கக் கொடுத்த நாவலை நேற்று முடித்தேன். ஆப்பிரிக்காவில் ஒரு குலத்தலைவனின் கதை. வெள்ளைக்காரன் கொண்டுவந்த புதுச்சட்டங்களுக்கு முன்னால் தலைநிமிர்ந்து நின்றவன் கடைசியில் உடைந்துபோகிறான். மூடிவைத்தபோது அச்சு மை வாசம் வந்தது. எனக்கு மை வாசம் என்றால் சிறுமலைதான். அந்த மலைக்குப் பேர்போன வாழைப்பழ வாசம் வராதா என்பீர்கள். வரும், ஆனால் மைதான் முந்திக்கொள்ளும்.

அறுபதுகளில் நான் திண்டுக்கல்லில் வாத்தியார். பேகம்பூரில் வாடகை அறை. பஞ்சாயத்துத் தேர்தல் நடத்தச் சிறுமலையில் ஒரு சின்ன ஊருக்கு அனுப்பினார்கள். பாதி வழி ஜீப், மீதி நடை. அதிகாரியாகிவிட்ட மிதப்பில் புதுச்செருப்பு போட்டுப் போனேன். அது கடித்த கடியில் அதிகாரமெல்லாம் ஊர் எல்லையிலேயே இறங்கிவிட்டது.

அங்கே ஊர்த்தலைவரைப் பெரியதனம் என்பார்கள். ஊருக்கு மேலே ஊற்றோடு ஒரு சோலை இருந்தது. அவர் சொல்லாமல் அதில் யாரும் கோடரி வைத்ததில்லை. ரோடு போட வந்து அங்கேயே தங்கிவிட்ட மேஸ்திரி ஒருவன், அந்த மரங்கள்மேல் கண் வைத்துத் தேர்தலில் நின்றான். இவருக்குக் குடை சின்னம், அவனுக்குத் தராசு. ஜெயித்தவன் கையில் சோலை.

"ஓட்டுக் கேக்கப் போகலையாய்யா?" என்றேன் பெரியதனத்திடம்.

"எங்க சனத்துக்கிட்ட நான் கேக்குறதா? அவுகதான் எங்கிட்ட கேப்பாக அப்பு."

வாத்தியார் புத்தி விடுமா? வந்த ஒவ்வொருவருக்கும், "முத்திரையை மையில தொட்டு ஒரு படத்து மேல குத்துங்க" என்று வகுப்பெடுத்தேன். வேண்டியவர் படத்தின்மேல் என்று அழுத்திச் சொல்லத் தோன்றவில்லை. இதைக்கூடவா சொல்லவேண்டும் என்ற நினைப்பு.

எண்ணிப் பார்த்தால் குடையில் ஏழெட்டு முத்திரைதான். தராசு ஜெயித்துவிட்டது. ஓட்டுப் போட்டவர்களே விக்கித்துப்போய் அழுதார்கள். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஒரு அம்மாள்தான் சொன்னார்:

"பெரியதனம் குடையில கரியப் பூச கை வருமா சார்? வேணாங்கிறவன் மேலதான குத்துனோம்!"

பெரியதனத்திடம் ஓடினேன். "மேல மனுக் குடுப்போம்யா. இவுங்க தெரியாமக் குத்திட்டாங்கன்னு நானே எழுதித் தாரேன்."

"கோர்ட்டுல எங்க சனத்தை நிப்பாட்டி, இவுக ஒண்ணும் தெரியாதவுகன்னு சொல்லணுமாக்கும்?"

"சோலை போயிருமேய்யா."

மேலே சோலையைப் பார்த்தார். "போகும்" என்றார். "எம்மேல கரி படக்கூடாதுன்னு நெனச்ச சனம் அப்பு. அதுக மேல நான் கரி பூச மாட்டேன்."

தலைப்பாகையை அவிழ்த்து, மடித்து, தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு நடந்தார். நாவலில் வந்தவனைப்போல் இவர் உடையவில்லை. அப்படி ஒரு மனிதரோடு பேசியவன் நான் என்று மகளிடம் இன்றும் பீற்றிக்கொள்வேன். என் வகுப்பைப் பற்றி மட்டும் அவளிடம் சொன்னதில்லை.

அடுத்த தேர்தலுக்கும் நான்தான் போனேன். ஜீப் ஊர்வரைக்கும் போயிற்று. சோலை இருந்த இடம் மொட்டைப் பாறையாகக் கிடந்தது. ஊற்று வற்றி, பெண்கள் குடத்தோடு வெகுதூரம் கீழே ஓடைக்கு இறங்கிக்கொண்டிருந்தார்கள். முத்திரையை யார் படத்தில் குத்துவது என்று இம்முறை யாருக்கும் நான் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. அந்த முத்திரைக்கு உரியவர்தான் முந்தின மழைக்காலத்திலேயே கண்ணை மூடிவிட்டிருந்தார்.